தையற்காரருக்குக் கடன் மட்டும் போதுமா?

2016 ஏப்ரலில் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் புதிய விதியே அதற்குக் காரணம். ஓசூர் சாலை ஸ்தம்பித்தது. இரண்டே நாள்களில் தில்லி அந்த விதியைக் கைவிட்டது.

அதே நகரில், அதே தொழிலைச் சொந்தமாகச் செய்து பிழைக்கும் தையற்காரருக்கு, பறிபோகிறதே என்று பதறுவதற்குக்கூட வைப்பு நிதி கிடையாது. சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஓர் இயந்திரமும் ஒரு மேசையும் மட்டுமே கொள்ளும் கடைகளில் இவர்கள் பிழைப்பு நடக்கிறது. பெண்கள் பலர் வீட்டு முன்னறையிலேயே ரவிக்கை தைக்கின்றனர். ரம்ஜான், தசரா, தீபாவளி, முகூர்த்த நாள்கள் என்றால் இரவெல்லாம் வேலை. ஆஷாட மாதத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் பழைய துணியைப் பிடித்துத் தருவதும்தான் கிடைக்கும். கடை வாடகையோ மாதந்தோறும் ஒரே தொகை. வெட்டில் பிசகினால் துணியின் விலையும் தைப்பவர் தலையில்தான். ஐம்பதைத் தாண்டி ஊசியில் நூல் கோக்கக் கண் மறுத்தால், கணக்கு முடித்துக் கொடுக்க முதலாளி என்று ஒருவரும் இல்லை.

இவர்களுக்கு மத்திய அரசு அளித்த முக்கிய விடை, 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம். தையல் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு, கருவி வாங்க ரூ.15,000; 5 சதவீத வட்டியில் முதலில் ரூ.1 லட்சம், பின்னர் ரூ.2 லட்சம் கடன். கந்துவட்டியோடு ஒப்பிட்டால் இது பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடனைத் தவணை தவறாமல் திருப்பிக் கட்ட வேண்டும், ஆஷாட மாதத்திலும்!

முதுமைக்கு என்ன வழி? 2019-இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டம், 60 வயதுக்குப்பின் மாதம் ரூ.3,000 தருவதாகச் சொன்னது. ஆனால் சேரும் வயது 18 முதல் 40 வரை மட்டுமே. ஓய்வூதியத்தை நினைத்துக் கவலைப்படத் தொடங்கும் வயதில் கதவு அடைபட்டுவிடுகிறது. இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தோர் 30 கோடிக்கும் அதிகம். பெயரைப் பதிவதோடு நின்றால் என்ன பயன்?

அண்டை மாநிலங்கள் முன்பே வழி காட்டியுள்ளன. தையல் தொழிலாளர்க்கென்றே நல நிதிச் சட்டத்தைக் கேரளம் 1994-இல் இயற்றியது. தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இயங்குகிறது. கர்நாடகமோ, தையற்காரர்களை அமைப்புசாராத் தொழிலாளர் வாரியத்தின் பல பிரிவுகளுள் ஒன்றாக வைத்துள்ளது. 2021 கொரோனா முடக்கத்தின்போது அவர்களுக்கு அறிவித்த உதவித்தொகை தலா ரூ.2,000. பெங்களூருவில் அது ஒரு சிறு கடையின் அரை மாத வாடகைக்காவது போதுமா என்பது ஐயமே. விஸ்வகர்மா திட்டம் குலத்தொழிலை வளர்க்கிறதா என்று சென்னையும் தில்லியும் மோதிக்கொண்டன. அவசியமான விவாதம்தான், எனினும் தையற்காரரின் முதுமை அதில் பேசப்படவே இல்லை.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சுயதொழில் செய்வோரையும் அமைப்புசாராத் தொழிலாளராக ஏற்று, முதுமைப் பாதுகாப்புக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை மத்திய அரசிடம் ஒப்படைத்துள்ளது. அத்திட்டத்தில் 40 என்ற வயது வரம்பு மீண்டும் நுழையக் கூடாது. பங்குத்தொகையையும் வேலை மிகுந்த பண்டிகை மாதங்களில் சேர்த்துச் செலுத்த வகை செய்ய வேண்டும்.