குழந்தைகளுடன் ஏரிக்கரைக்கு

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் காலம் இது. தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் பாடுபடும் நம் குடும்பங்களில் தாயும் தந்தையும் காலையிலேயே மலைக்குச் சென்றுவிடுவதால், குழந்தைகளோடு சேர்ந்து ஒரு முழுப்பகலைக் கழிக்கும் பேறு அரிதாகவே வாய்க்கிறது. ஆதலால் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியிடம் சென்று வருதல் வீண் செலவாகாது. அது அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் என்றே கூறுவோம்.

எங்கே போகலாம் என்று கேட்டால், தண்ணீர் உள்ள இடத்துக்கு என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் விடை கூறுவார்கள். பீர்மேட்டைச் சுற்றி அத்தகைய இடங்களுக்குக் குறைவில்லை. எனினும் எந்த நீர்நிலைக்குச் செல்வது, அங்கே எவ்வாறு நடந்துகொள்வது என்பவற்றைப் புறப்படுமுன்பே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். இம்மாதம் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் நலம். வெளிநாட்டு ஏரிகளின் படங்களை இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே காண்கின்றனர். அகன்ற மணற்கரை, முழங்காலளவுத் தண்ணீர், அதில் விளையாடும் சிறுவர், அருகில் உயரமான இருக்கையில் அமர்ந்து காவல் புரியும் உயிர்காப்பாளர் ஆகியவை அப்படங்களில் இருக்கும். வட அமெரிக்காவின் பேரேரிகள் பண்டைக்காலத்தில் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை. அவற்றின் கரைகளில் பல இடங்களில் மணல் ஒதுங்கி, நிலம் மெல்ல மெல்லச் சரிந்து நீருக்குள் இறங்குகிறது. நம் மலைநாட்டு நீர்நிலைகளோ வேறு வகையைச் சேர்ந்தவை.

நாம் ஏரி என்று அழைக்கும் பெரிய நீர்ப்பரப்புகள் யாவும் அணை கட்டித் தேக்கியவையே. தேக்கடி ஏரி, பென்னிகுவிக் என்னும் பொறியாளர் 1895-ஆம் ஆண்டில் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டாயிற்று. இடுக்கி நீர்த்தேக்கம், குறவன் குறத்தி மலைகளுக்கு இடையே எழுப்பப்பட்டு 1976-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வளைவு அணையால் உண்டாயிற்று. மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியும் குண்டளையும் இவ்வாறே தோன்றியவை. இவை நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குகள் ஆகும். கரையில் நாம் காணும் மலைச்சரிவே நீருக்கடியிலும் தொடர்ந்து செல்கிறது. தேக்கடி ஏரியின் நடுவே இன்றும் நிற்கும் பட்ட மரங்கள் அதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் அவை மலைச்சரிவிலும் பள்ளத்திலும் செழித்து நின்ற காட்டு மரங்கள். ஆதலால் கரையோரத்தில் கணுக்காலளவு நிற்கும் தண்ணீர், இரண்டடி தள்ளி ஓராள் உயரத்துக்கு மேல் ஆழ்ந்துவிடக்கூடும்.

கோடையில் மற்றோர் இடரும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 142 அடி வரை உயரலாம். 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கம் வழியாகத் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க இயலாது. இந்த இரு அளவுகளுக்கும் இடையே ஆண்டுதோறும் நீர் ஏறி இறங்குகிறது. இத்தகைய நீர்த்தேக்கங்களில் கோடையில் நீர் வற்றிய இடம் மணற்கரை போலத் தோன்றினும், அது பல ஆண்டுகளாகப் படிந்த வண்டல். மேலே காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே சேறாக இருக்கும். நீர் விளிம்பை நோக்கி ஓடும் குழந்தையின் கால் அதில் புதைந்துவிடும்.

ஆகவே நாம் கூறவந்த கருத்து இதுதான். நம் பகுதியின் அணை ஏரிகள் கண்டு மகிழ்வதற்கு உரியவை. குழந்தைகள் இறங்கிக் குளிப்பதற்கு உரியவை அல்ல. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரின் அழகைப் பார்க்காமல் கரையின் தன்மையைப் பார்த்தல் வேண்டும். வேலியோ கைப்பிடிச் சுவரோ இருக்கிறதா, பிள்ளைகள் ஓடியாடத் தண்ணீரை விட்டு விலகிய சமநிலம் உண்டா, கழிப்பிடமும் குடிநீரும் அருகில் உள்ளனவா, அவசரமானால் வண்டி வரும் பாதை இருக்கிறதா என்னும் நான்கையும் விசாரித்தபின் புறப்படுங்கள்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கையில், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வாகமண் மிகப் பொருத்தமானது. ஏலப்பாறை வழியாகப் பேருந்திலேயே செல்லலாம். மொட்டைக்குன்றுகளின் புல்வெளியில் பிள்ளைகள் மனம்போல் ஓடலாம்; உருண்டு புரளலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிறிய ஏரியும் மிதிபடகுகளும் உள்ளன. பைன் மரக்காட்டில் வெயில் உறைக்காது. தண்ணீர் அங்கே ஒரு பகுதியே. நாள் முழுவதையும் அதன் விளிம்பில் கழிக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

தேக்கடியின் சிறப்பு வேறு. 1950-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆன அக்காட்டில், யானையும் மானும் காட்டெருமையும் நீரருந்த வருவதைப் படகிலிருந்தே காணலாம். கோடையில் காட்டுக்குள் இருக்கும் சுனைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் ஏரியை நாடி வருகின்றன. அதிகாலைப் படகே நன்று. அங்கே நீரில் இறங்க அனுமதி இல்லை. அதுவே பெற்றோருக்கு ஒரு நிம்மதி. குரங்குகள் உணவுப் பொட்டலத்தைப் பறிக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளை உடையவர்கள் வண்டிப்பெரியாற்றிலிருந்து வல்லக்கடவு வழியாகக் கவிக்குச் செல்லலாம். அடர்ந்த காட்டின் நடுவே அமைதியான ஏரி, துடுப்புப் படகு, ஏலத்தோட்டம் யாவும் உண்டு. 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்பாட்டின்படி தாயகம் திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்கள் கடந்துவந்த பாதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல அதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்று வனத்துறை வரையறுத்திருப்பதால் முன்கூட்டியே அனுமதி பெறுதல் அவசியம். காட்டுவழி நீண்டது, கைக்குழந்தையுடன் செல்வது உகந்ததன்று.

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்வோர், கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கித் தேனியைக் கடந்து வைகை அணைப் பூங்காவில் ஓர் அரைநாள் தங்கலாம். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் அடியில் மலர்ச்செடிகளும் நிழலும் விளையாட்டுத் திடலும் உள்ளன. நம் மலையில் தேங்கும் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கத்தில் புகுந்து அங்கேதான் போய்ச் சேருகிறது என்று காட்டினால், பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடம் தானாகப் பதிந்துவிடும். பாலக்காட்டுப் பக்கத்து அன்பர்களுக்கு மலம்புழை இருக்கிறது. அப்பகுதி சென்னை இராஜ்யத்தில் இருந்தபோது, 1955-இல் திறக்கப்பட்ட அணை அது. அங்கும் பூங்காவே பிள்ளைகளுக்குரிய இடம்.

இனிப் படகுகளைப் பற்றி. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நாம் மறக்க இயலாது. விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணம் என்று அப்போது கூறப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், இதே கோடை விடுமுறையில், மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு பொழுது சாய்ந்தபின் கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். இத்துயரங்கள் நமக்குக் கற்பிப்பவை தெளிவானவை. உயிர்காப்பு அங்கி ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் உடலளவுக்கு ஏற்றதாகக் கிடைக்காவிட்டால் படகில் ஏறாதீர்கள். அதன் வார்களை நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். யானை தெரிந்தாலும் புலி தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். கூட்டம் மிகுந்த படகையும் மாலை மங்கியபின் புறப்படும் படகையும் விட்டுவிடுங்கள். சீட்டுக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும்.

கால் நனைக்காமல் வரமாட்டோம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு, அடித்தரை கண்ணுக்குத் தெரியுமாறு தெளிந்து ஓடும் சிற்றோடையே ஏற்றது. தண்ணீர் குழந்தையின் முழங்காலுக்கு மேல் வருதல் கூடாது. அந்த இடத்தை அறிந்த உள்ளூர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். அருவியின் அடியிலும் பாசி படிந்த பாறையிலும் விளையாட விடாதீர்கள். ஓடைநீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்துவரப்பட்டாலோ, மேல்மலையில் மழை பெய்கிறது என்று பொருள். உடனே மேட்டுக்கு ஏறிவிடவேண்டும். கோடை மழையோடு இடிமின்னலும் வருவது நம் மலையின் இயல்பு. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் அபாயம் மிகுதி என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. ஆதலால் விடியலில் கிளம்பி, கட்டுச்சோற்றை நண்பகலில் உண்டு, இரண்டு மணிக்குள் கரையை விட்டுப் புறப்படுதலே அறிவுடைமை.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும், கையை வீசும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மூச்சுக்குத் திணறும் குழந்தைக்குக் குரல் எழுப்ப வலிமை இராது. ஓசையின்றி ஓரிரு நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. பத்துப் பெரியவர்கள் சேர்ந்து சென்றால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேரும் எண்ணி இருந்துவிடுவதே பெரும் ஆபத்து. ஆகவே முறைவைத்துக் காவல் இருங்கள். முறைக்குரியவர் பேச்சையும் கைப்பேசியையும் விலக்கி, கை நீட்டினால் எட்டும் தொலைவில் குழந்தையோடு இருத்தல் வேண்டும். நம் ஆடவர்க்கு ஒரு வார்த்தை: உல்லாசப் பயணம் என்றால் மது என்னும் வழக்கம் சிலரிடம் புகுந்துள்ளது. குழந்தைகளைத் தண்ணீருக்கு அருகே அழைத்துச் செல்லும் நாளில் அதைத் தொடாதிருத்தல் தந்தையின் கடமை.

அபாயம் நேர்ந்தால், நீச்சல் அறியாதவர் நீரில் குதிக்கவேண்டாம். ஒருவரைக் காக்கப் போய் இருவரும் மூவரும் மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். நீண்ட கழியை நீட்டுங்கள். கயிற்றையோ புடவையையோ வீசுங்கள். மூடிய வெற்றுக் குடம் ஒன்றை எறிந்தாலும் அதைப் பற்றி மிதக்கலாம். கரையேற்றிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறான பழக்கங்கள். மூச்சு இல்லையேல் தாமதமின்றி வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும். மற்றொருவர் 112 அல்லது 108 என்னும் எண்ணை அழைக்கட்டும். குழந்தை தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

ஏரிக்கரையில் மட்டுமே அபாயம் என்று எண்ணிவிடலாகாது. ஏலத்தோட்டங்களில் பாசனத்துக்காக வெட்டிப் படுதா விரித்த குளங்கள் நம் வீடுகளுக்கு அருகிலேயே உள்ளன. அவற்றின் வழுக்கும் சரிவில் கால் தவறிய குழந்தையால் மட்டுமன்று, நீந்தத் தெரிந்த பெரியவராலும் எளிதில் ஏறிவர இயலாது. விடுமுறையில் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் தனித்திருக்கும் பகற்பொழுதில் இவையே மிகவும் அஞ்சத்தக்கவை. குளத்தைச் சுற்றி வேலி அமைக்கவும், முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கரையில் கட்டி உள்ளே தொங்கவிடவும் தோட்ட உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு சிறிது, காப்பது உயிர்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். குட்டநாட்டுப் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே தண்ணீரைக் கண்டு வளர்கின்றனர். மலைச்சரிவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழகும் வாய்ப்பு மிகக் குறைவு. அச்சமூட்டி அவர்களைத் தண்ணீரிலிருந்து என்றும் விலக்கிவைக்க முடியாது. ஒருநாள் அவர்கள் நண்பர்களோடு போகத்தான் போகிறார்கள். பஞ்சாயத்துகளும் பள்ளிகளும் நம் சங்கமும் ஒன்றுகூடி, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு ஆழமற்ற நீர்த்தொட்டியில் நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பெண் குழந்தைகளையும் தவறாது சேர்க்கவேண்டும். அன்பர்கள் இதைப் பற்றித் தங்கள் தோட்டத்து நண்பர்களோடு கலந்து பேசி, சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சென்று வாருங்கள். பிள்ளைகள் மனம் குளிரத் தண்ணீரைக் கண்டு வரட்டும்.