குடும்பத்தோடு வாழ்ந்தா அபராதமா?

சவூதியில் வேலை பார்க்கிற நம்ம ஆளு பொண்டாட்டி பிள்ளைகளோட இருக்கணும்னா தலைக்கு மாசம் 400 ரியால் கட்டணும். 2017-ல் 100 ரியாலில் ஆரம்பிச்சது இது! மனைவி, ரெண்டு பிள்ளைகள்னா வருஷத்துக்கு 14,400 ரியால். நம்ம காசுக்கு மூணு லட்சத்துக்கு மேல. வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தனிக்கணக்கு.

கட்டுப்படியாகாம குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டுத் தனியா கிடக்கிறவங்க எத்தனை பேர்! பிள்ளைகளைப் பார்க்க வரலாம்னா லீவு சீசன் டிக்கெட் விலையில் தலை சுத்துது. அதுக்கு உச்சவரம்பு வைக்க ஒன்றிய அரசுக்கு மனசில்லை.

2024-ல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பியது சுமார் 129 பில்லியன் டாலர், உலகிலேயே முதலிடம். அந்தப் பணம் மட்டும் இனிக்குதா?

2019-ல் ரியாத், 2025-ல் ஜித்தா போய்க் கைகுலுக்கிய பிரதமர் அவர்களே, இந்த 400 ரியால் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசினீங்களா? பேசியிருந்தா என்ன பதில் வந்ததுன்னு சொல்லுங்க.