கண்காட்சி மட்டும் போதுமா?

இந்தியாவுக்குச் சென்று அங்கு நடைபெறும் கைப்பணிச் சந்தைகளைக் கண்டுவரும் எம்மவர், நாட்டார் கலைகள் புத்துயிர் பெற்று விளங்குவதை வியந்து பேசுகின்றனர். வியப்பதிற் குற்றமில்லை. ஆயின், நலிந்து கிடந்த அக்கலைகள் எவ்வாறு உயிர் பெற்றன என்பதையும் அவர்கள் கேட்டறிந்து வருதல் வேண்டும். அச்சுவேலியிலும் அயற் கிராமங்களிலும் பனையோலையிற் பெட்டியும் கடகமும் இழைத்த கைகள் ஓய்ந்துவரும் இவ்வேளையில், அவ்விடை எமக்கு மிகவும் வேண்டியதாகும்.

சுதந்திர இந்தியா 1952 ஆம் ஆண்டில் அகில இந்தியக் கைப்பணிச் சபையை நிறுவிற்று. கமலாதேவி சட்டோபாத்தியாயர் அதற்குத் தலைமை தாங்கினார். 1966-67 இல் பீகார் மாகாணத்தைக் கொடிய வறட்சி பீடித்தது. வயல்கள் காய்ந்தன. அப்பொழுது மதுபனிப் பகுதிப் பெண்கள், வீட்டுச் சுவர்களிற் காலங்காலமாகத் தீட்டிவந்த ஓவியங்களைக் கடதாசியில் தீட்டி விற்பதற்கு அச்சபை வழிசெய்தது. பஞ்ச நிவாரணமாகத் தொடங்கியது நிலையான சீவனோபாயமாயிற்று. அப்பெண்களுள் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

டில்லியில் 1994 இல் திறக்கப்பட்ட 'டில்லி ஹாட்' சந்தையிலே, கைப்பணியாளருக்கு முறைவைத்துக் கடைகள் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. செய்தவரே விற்கவேண்டும், இலாபம் தரகர் கைக்குப் போகலாகாது என்பதே அதன் நோக்கம். பின்னாளில் அங்கும் வியாபாரிகள் புகுந்துவிட்டனர் என்ற முறைப்பாடு எழுந்தது. நல்ல ஏற்பாட்டுக்கும் விழிப்பான காவல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இனி எமது நிலையைப் பார்ப்போம். கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, பாய், உமல் என எமது அடுக்களையையும் தோட்டத்தையும் நிறைத்திருந்தவை பனையின் கொடைகள். அவை இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் வாளியும் பையும் இருக்கின்றன. போர்க்காலத்திற் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை உண்டு, கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. ஆயினும், குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, சாயமேற்றி, நாள் முழுவதும் இழைக்கும் பெண்ணுக்கு வெங்காயத் தோட்டத்தின் ஒருநாட் கூலிதானும் கிடையாதெனில், அவருடைய மகள் ஓலையை ஏன் தொடுவாள்?

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். குருத்தோலை தானாகக் கீழே விழுவதில்லை. ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மரமேறி வெட்டவேண்டும். அவரது தொழிலை இழிவென ஒதுக்கி, அவரைச் சமமாக நடத்தாத சமூகம், அவர் வெட்டிய ஓலையில் இழைத்த பெட்டியை மட்டும் 'எமது பண்பாடு' என்று மேடையிற் போற்றுவது எவ்வகை நியாயம்? மரமேறுவோர் பிள்ளைகள் அத்தொழிலை வெறுத்து விலகுவதற்குப் பொறுப்பாளிகள் அவர்கள் அல்லர்; நாமே.

ஆகவே செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, இழைப்போரும் மரமேறுவோரும் ஒரே கூட்டுறவில் இணைந்து தம் பொருளுக்குத் தாமே விலை குறித்தல் வேண்டும். 1972 இற் கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்தமை எமக்கு முன்னுதாரணம். இரண்டாவது, சட்டத்தின் துணை. செட்டிநாட்டுக் கொட்டானும் பத்தமடைப் பாயும் இந்தியாவிற் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றுள்ளன. 2022 இன் புலமைச் சொத்துத் திருத்தச் சட்டம் அத்தகைய பதிவுக்கு இலங்கையிலும் வழி திறந்தது. யாழ்ப்பாணப் பனையோலைப் பொருட்களுக்கு அப்பாதுகாப்பைத் தேடிக்கொடுப்பது எமது சட்டத்தரணிகளின் கடன். அதற்கு அவர்கள் கட்டணம் கேளாதிருப்பார்களாக. மூன்றாவது, கமக்காரரின் பங்கு. வேலியோரத்துப் பனையைத் தறிக்கும் முன் ஒருமுறை சிந்தியுங்கள். தறித்த இடத்தில் விதை ஊன்றுங்கள். அறுவடைக்குக் கடகம் வேண்டுமெனில் இழைப்பவரிடமே நேரிற் சென்று, பேரம் பேசாது வாங்குங்கள்.

கண்காட்சிப் பந்தல் சில நாட்களிற் பிரிக்கப்பட்டுவிடும். பந்தல் பிரிந்த மறுநாள் இழைப்பவர் வீட்டில் அடுப்பெரிகிறதா என்பதைக் கொண்டே அக்கண்காட்சியின் பயனை நாம் மதிப்பிடுவோம்.