தோள் தாங்குற வில்லை வாங்குங்க

1/ போன வாரம் கீழ்பென்னாத்தூர்ல ஒரு தம்பி வந்தார். கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. காரணம், ஆசையா வாங்கின 45 பவுண்டு வில். வில் பழக நினைக்கிறவங்க இதைப் படிச்சுட்டு கடைக்குப் போங்க.

2/ நாணை இழுக்கும்போது சுமை விழுறது தோள்பட்டையின் சின்னத் தசைநார்கள் மேல. தசை வாரக்கணக்குல பலமாகும்; தசைநாருக்கு மாதக்கணக்கு ஆகும்.

3/ அதனால என் ஓட்டு டேக்டவுன் ரிகர்வ் வில்லுக்கு. நடுவுல கைப்பிடி, மேலயும் கீழயும் கழற்றி மாட்டுற ரெண்டு லிம்ப். பலம் கூடினா லிம்பை மட்டும் மாத்தினா போதும்.

4/ பெரியவங்க 20-25 பவுண்டுல தொடங்குங்க. லிம்ப்ல போட்டிருக்கிறது 28 அங்குலம் இழுத்தா வர்ற எடை. அதுக்கு மேல அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு கூடும். முழுசா இழுத்து, விடாம 10 வரை எண்ணுங்க. கை நடுங்கினா அது உங்க வில் இல்ல.

5/ அப்புறம், அம்பு இல்லாம நாணை இழுத்து விடாதீங்க. லிம்ப் உடைஞ்சு முகத்துல அடிக்கும்.

6/ "பாரம்பரியம்னா கனமான வில்தானே டாக்டர்?"னு கேட்கிறாங்க. நம்ம தேசியப் போட்டியில மூங்கில் வில்லுக்குன்னே 'இந்தியன் ரவுண்ட்' இருக்கு. தூரம் 30, 50 மீட்டர். அங்கேயும் எண்ணுறது புள்ளியைத்தான், பவுண்டை இல்ல.