ஆலங்குளத்தின் இடர் வரைபடத்தில் காலனி எங்கே?

விருதுநகர் மாவட்டம் என்றாலே வறட்சி என்பது அதிகாரிகளிடமும் மக்களிடமும் ஊறிப்போன எண்ணம். அது பொய்யன்று. ஆனால் 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்ததும் இதே மாவட்டத்தில்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, சற்று வடமேற்கே நகர்ந்து பெய்திருந்தால் வைப்பாற்றுப் படுகையின் நிலை என்ன ஆகியிருக்கும்?

ராஜபாளையத்திற்குக் கிழக்கே, அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம் (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு). மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வைப்பாற்றில் சேரும் நிலப்பரப்பு இது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடை, சீமைக்கருவேலம் மண்டித் தன் தடத்தையே இழந்துவிடுகிறது. மண்ணோ கரிசல், வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும், நனைந்தால் உப்பும். ஆழமான அடித்தளம் இல்லாத வீட்டின் சுவரைக் கோடை பிளக்கிறது, ஐப்பசி மழை சாய்க்கிறது. ஆகவே இங்கு வறட்சியும் வெள்ளமும் தனித்தனி இடர்கள் அல்ல.

அந்தச் சுவர் யாருடையது என்பதே நமது கேள்வி. ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்ததற்கு இயற்கை பொறுப்பன்று. கண்மாயின் கலுங்குக்குக் கீழே, ஓடைக்கரையில், வேறு எவரும் விரும்பாத புறம்போக்கில் தலித் மக்கள் குடியமர்த்தப்பட்டதன் பின்னே சாதி இருக்கிறது. மழையளவையும் அணையின் நீர்மட்டத்தையும் மட்டும் கணக்கிடும் இடர் மதிப்பீடு இந்த வரலாற்றைக் காணாது.

நிவாரணமும் காண்பதில்லை. 2023 வெள்ளத்தின்போது தமிழக அரசு குடிசைச் சேதத்திற்கான தொகையை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 7,410 ரூபாயிலிருந்து 8,500 ஆகவும் உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆயினும் பயிருக்கான தொகை நிலத்தின் பரப்பைக் கொண்டே அளக்கப்படுகிறது. பட்டாவும் அடங்கலும் இல்லாத வாய்மொழிக் குத்தகைதாரர் எதைக் காட்டுவார்? மிளகாய்க் காடு மூழ்கினால் களையெடுப்புக் கூலியும் பறிப்புக் கூலியும் சேர்ந்தே மூழ்குகின்றன. பயிர்ச்சேதப் பட்டியலில் அந்தக் கூலிக்கு இடமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் கண்டதும் இதுதான். படகும் வலையும் எண்ணப்பட்டன. கரையில் உழைத்த தலித்துகள் கணக்கில் பிந்தினர், முகாம்களிலும் ஒதுக்கப்பட்டனர்.

சட்டம் ஊமையாக இல்லை. அதற்கு அடுத்த ஆண்டே வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு, மாவட்டத்தில் இடருக்கு ஆளாகக்கூடிய பகுதிகளைத் திட்டத்தில் குறிக்கவும், திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தவும் கட்டாயப்படுத்துகிறது. "பகுதி" என்பதை வருவாய்க் கிராமத்தோடு நிறுத்திக்கொள்வதில்தான் பிழை. ஒரே கிராமத்தில் ஊர்த்தெரு காய்ந்திருக்க, காலனியில் முழங்கால் அளவு நீர் நிற்கும். ஆவணத்தில் இரண்டும் ஒரே வரி.

ஆகவே குடியிருப்பு வாரியான இடர் வரைபடம் கோருகிறோம். எந்தத் தெருவில் நீர் புகும், எத்தனை வீடுகளுக்குப் பட்டா இல்லை, மாற்றுப் பாதை எது, முகாமாகும் கட்டடம் ஊர்த்தெருவிலா பொது இடத்திலா, அதில் அனைவரும் ஒரே குழாயில் நீர் பிடிக்க முடியுமா என்பவை அதில் இடம்பெற வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரி மாணவர்கள் இதைத் தொடங்கிவைக்கலாம். காலனி முதியவர்களுக்குப் பழைய வெள்ளங்கள் ஏறிய உயரம் தெரியும். அதைத் தெருத்தெருவாகக் குறித்து, பருவமழைக்கு முன் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியரிடம் அளிக்க வேண்டும்.