குளிருக்கு அஞ்சி முடங்க வேண்டாம்

பேஸ்மேக்கர் வைத்தவர் மார்கழி, தை முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. கேரளத்தில் பொன்முடி மலையடிவார ஊரான வித்துராவில், பேஸ்மேக்கர் வைத்த என் அப்பா இதே பேச்சைக் கேட்டு ஒரு குளிர்காலம் முழுக்க நாற்காலியில் கிடந்தார். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, கால்கள்தான் வலுவிழந்தன. திண்ணைப் படி ஏறவே சுவரைப் பிடித்தார்.

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். உண்மை. அதற்காக முடங்க வேண்டியதில்லை. பொன்முடிப் பக்கத்து மூடுபனி விலகி வெயில் வந்தபின் நடக்கலாம். காதை மூடிக்கொண்டு, முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. இன்றைய பேஸ்மேக்கர்கள் பலவற்றில் உடலசைவை அறியும் உணரி உண்டு. நடந்தால் துடிப்பைத் தானே கூட்டிக் கொடுக்கும். அசையாமல் கிடப்பவருக்கு அந்த வசதி எதற்கு?

பொருத்திய முதல் சில வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, சுமையும் கூடாது. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தக் கவனம் இருந்தால் குளிர் ஒரு தடையல்ல: 1958-இல் உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சன், பனி உறையும் சுவீடனில் 86 வயதுவரை வாழ்ந்தார்.

அப்பா இப்போது மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கு மஃப்ளரைச் சுற்றியபடி முக்குவரை போய் வருகிறார்.