இலவச யோசனை: யார் சொன்னால் கேட்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. திரையில் புரியாத செய்தி ஏதாவது வந்தால் அதை அப்படியே டைப் செய்து இன்டர்நெட்டில் தேடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். தேடினால் பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். பத்தும் பத்து விதமாக இருக்கும். யாரும் காசு வாங்கிக்கொண்டு சொன்னவர்கள் இல்லை. ஆர்வத்தில் சொன்னவர்கள், உதவ வேண்டும் என்று நினைத்துச் சொன்னவர்கள். இதில் எதைக் கேட்பது, எதை விடுவது?

"இன்டர்நெட்டில் சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள், பேசாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் இனயம் என்ற கடற்கரை ஊரில். ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கருங்கல்லுக்கோ மார்த்தாண்டத்துக்கோ போக முடியுமா? போனாலும், "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பதுதான் பல இடங்களில் முதல் வார்த்தை.

அது மட்டும் இல்லை. தமிழில் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிற நாம் தன்னார்வலர்களைக் குறை சொன்னால் நன்றி மறந்தவர்கள் ஆவோம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யூனிகோட் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் பிரிந்து கிடக்கும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று வரும் வரியில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டால் சரியாகும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் காசு வாங்காத ஆர்வலர்கள்தாம். விசுவநாதன் உருவாக்கிய அழகியும், முகுந்தராஜும் நண்பர்களும் தந்த எ-கலப்பையும் இல்லாவிட்டால் நம்மில் பலர் தமிழில் ஒரு வரி டைப் செய்திருக்க மாட்டோம். ஆகவே காசு வாங்காமல் சொல்வது மட்டம், காசு வாங்கிச் சொல்வது உயர்வு என்ற கணக்கு எடுபடாது.

வேறு கணக்கு வேண்டும்.

கரடிப் பொம்மை கற்பித்தது

2002-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் ஒரு இமெயில் சுற்றியது. உங்கள் கம்ப்யூட்டரில் கரடிப் பொம்மை ஐகான் போட்ட ஒரு ஃபைல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அது வைரஸ். 14 நாள் தூங்கிவிட்டுப் பிறகு தாக்கும். நார்ட்டன், மெக்காஃபி எதுவும் கண்டுபிடிக்காது. உடனே டெலிட் செய்யுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். தேடினால் அந்தக் கரடி உண்மையிலேயே இருந்தது! ஜேடிபிஜிஎம்ஜிஆர் டாட் இஎக்ஸ்இ என்பது அதன் பெயர். பலர் பயந்துபோய் அழித்தார்கள். ஆனால் அது வைரஸ் இல்லை. ஜாவா புரோகிராம் எழுதுபவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸுடன் கொடுத்த ஃபைல். அதற்கு முந்தைய வருடம், 2001-இல், நீளமான ஃபைல் பெயர்களைக் காக்கும் இன்னொரு விண்டோஸ் ஃபைலுக்கும் இதே கதி நேர்ந்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, அந்த மெயிலை நமக்கு அனுப்பியது எதிரி இல்லை. நண்பர், மாமா, கூட வேலை பார்ப்பவர். உண்மையான அக்கறையோடு அனுப்பினார்கள். சொல்பவர் நல்லவரா என்பது ஒரு கேள்வி, சொல்வது சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவது கேள்விக்கு எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது இன்னும் சுவையானது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பெரும்பாலோருக்கு அந்த ஃபைல் தேவையே இல்லை. எனவே அழித்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததால் "அப்பாடா, தப்பித்தோம்" என்று நினைத்து அனுப்பியவருக்கு நன்றி சொன்னார்கள்! இன்று ஒரு யோசனைக்குக் கீழே 400 பேர் நன்றி சொல்லியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கரடி ஞாபகம் வரும். அந்த 400 பேரில் எத்தனை பேர் சரியாயிற்றா என்று சோதித்துவிட்டுச் சொன்னார்கள்?

எந்த எஞ்சின்?

எங்கள் ஊர்க் கரையில் ஒருவரிடம் போய், "அண்ணே, எஞ்சின் ஸ்டார்ட் ஆகல்ல" என்று சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "எந்த எஞ்சின் மக்களே? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? நேத்து ஓடிச்சா?" என்று திருப்பிக் கேட்பார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எரிபொருளிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அப்படிக் கலக்கக் கூடாது. ஒன்றுக்குச் சரியான பதில் மற்றதற்குக் கேடு. கேள்வி கேட்காமல் பதில் சொல்பவர் அங்கே பொழுதுபோக்குக்கு நிற்பவர்.

கம்ப்யூட்டருக்கும் இதைத்தான் நான் முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். என்ன விண்டோஸ், லேப்டாப்பா டெஸ்க்டாப்பா, கடைசியாக என்ன இன்ஸ்டால் செய்தீர்கள், பேக்கப் இருக்கிறதா என்று கேட்டவருடைய பதிலுக்கு என்னிடம் மதிப்பு அதிகம். யாரும் கேட்காத பழைய பதிலாக இருந்தால், குறைந்தபட்சம் "இது விண்டோஸ் 10-க்கு", "இது இன்ன மாடலுக்கு" என்று எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன். தேதியும் பார்ப்பேன்.

சரியான பதிலே தப்பாகிப்போகும் இடமும் உண்டு. மொபைல் மேப்பில் ஒரு இடத்தை 8.50 டிகிரி என்று காட்டும். படகில் இருக்கும் ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் டிகிரி, மினிட் என்று வைத்திருப்பார்கள். 8.50 டிகிரி என்றால் 8 டிகிரி 30 மினிட். அதை 8 டிகிரி 50 மினிட் என்று அடித்துவிட்டால் 20 கடல் மைல் தள்ளிப் போய்விடும். ஏறத்தாழ 37 கிலோமீட்டர். எண்ணைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. எந்த அளவில் சொல்கிறோம் என்பதைத்தான் சொல்லவில்லை.

ஒரு ஹார்ட் டிஸ்க்கும் மூன்று பதில்களும்

எங்கள் தெருவில் ஒரு வீடு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்த அந்த வீட்டுக்காரர் திரும்பவில்லை. அவர் இருக்கும் ஃபோட்டோக்கள், ஒரு திருமண வீடியோ எல்லாம் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. ஒரு நாள் அதை லேப்டாப்பில் மாட்டியபோது, பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் செய்தி காட்டியது. மகள் இன்டர்நெட்டில் உதவி கேட்டாள். மூன்று பேர் பதில் சொன்னார்கள். அவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

முதல் ஆள்: "பயப்படாதீங்க. ஃபார்மட் குடுத்துட்டு ரெகவரி சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் வந்துரும். நான் நிறைய தடவ பண்ணியிருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எக்ஸ்பி காலத்தில் ஃபார்மட் செய்தாலும் டேட்டா டிஸ்க்கிலேயே கிடக்கும். பல நேரம் மீட்டுவிடலாம். ஆனால் விஸ்டாவில் இருந்து இது மாறிவிட்டது. குயிக் ஃபார்மட் என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் மீட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அனுபவம் உண்மை, ஆனால் அது காலாவதியான அனுபவம்.

இரண்டாவது ஆள் செக்டிஸ்க் கட்டளையை எழுதி, ரன் செய்யச் சொன்னார். டிஸ்க் நன்றாக இருந்து ஃபைல் பட்டியல் மட்டும் குழம்பியிருந்தால் அது பலன் தரலாம். டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால், அதன் மேல் எழுதித் திருத்தப் போய் இருப்பதையும் இழக்கலாம். எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கவே இல்லை.

மூன்றாவது ஆள் பதிலே சொல்லவில்லை. "டக் டக்னு சத்தம் வருதா? இதுல உள்ளதுக்கு வேற காப்பி இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்டார். சத்தம் வருகிறது, காப்பி இல்லை என்று மகள் எழுதியதும், "அப்படின்னா உடனே கழட்டி வெச்சிருங்க. திரும்பத் திரும்ப மாட்டிப் பாக்காதீங்க. முதல்ல டிஸ்க்கை முழுசா வேற டிஸ்க்குக்கு இமேஜ் எடுக்கணும். எந்தச் சோதனையும் அந்தக் காப்பி மேலதான். இது வீட்ல செய்ற வேல இல்ல, டேட்டா ரெகவரி செய்றவங்ககிட்ட குடுங்க" என்றார்.

மூன்றில் சிறியது அந்தப் பதில்தான். நன்றியும் லைக்கும் குறைவாக வாங்கியதும் அதுதான். அப்படியே செய்தார்கள். ஃபோட்டோக்களில் பெரும்பகுதி கிடைத்தது. வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது.

"இது எனக்குத் தெரிந்த எல்லைக்கு அப்பால்" என்று சொல்லத் தெரிந்தவரைக் கண்டால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

திரும்பி வர வழி உண்டா?

யோசனை சொன்னவர் யார் என்று ஆராய நமக்கு எப்போதும் நேரம் இருக்காது. ஆனால் அவர் செய்யச் சொல்வது எந்த வகை வேலை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பிரவுசரில் கேஷைக் காலி செய், பிரின்டரை அணைத்துப் போடு, கேபிளைக் கழற்றி மாட்டு என்றால் யார் சொன்னாலும் செய்து பார்க்கலாம். தப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் வீண். டெலிட், ஃபார்மட், பார்ட்டிஷன், பயாஸ் அப்டேட், ரெஜிஸ்ட்ரி என்ற வார்த்தைகள் வந்தால் கையை மவுஸில் இருந்து எடுங்கள். ரெஜிஸ்ட்ரியை மாற்றச் சொல்பவர், முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து காப்பி வையுங்கள் என்று சொல்கிறாரா பாருங்கள். உள்ளே போக வழி சொல்லி, வெளியே வர வழி சொல்லாத யோசனையை நான் ஓரம் கட்டிவிடுவேன், சொன்னவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

உதவி என்ற வேடத்தில் வரும் திருட்டும் இருக்கிறது. 2024-இல் இருந்து ஒரு வகை பரவியிருக்கிறது. "நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்க, அல்லது விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்ய, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்து, கண்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று படம் போட்டுச் சொல்வார்கள். நீங்கள் என்ன ஒட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராமை நீங்களே கையால் ஓடவிட்டிருப்பீர்கள். எந்த வலைத்தளமும் நீங்கள் மனிதர்தான் என்று அறிய ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அதேபோல் "நானே பார்த்துச் சரிசெய்றேன், எனிடெஸ்க் போட்டு நம்பரைச் சொல்லுங்க" என்று அறியாதவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். எனிடெஸ்க் நல்ல சாஃப்ட்வேர்தான். ஆனால் அந்த நம்பரையும் அனுமதியையும் கொடுத்தால் உங்கள் திரை அவர் கையில். இந்த வழியில் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா என்று இப்போது கேட்கிறார்கள். அதுவும் இதே பத்துப் பேர் எழுதியதைப் படித்துத்தான் பேசுகிறது. 2024 மே மாதம், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று கூகுளின் ஏஐ யோசனை சொன்னது. யாரோ 11 வருடத்துக்கு முன் வேடிக்கையாக எழுதியதை எடுத்துக்கொண்டு சொன்னது அது. புரோகிராமர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி எழுதித் தரும் பதில்களைப் போடக் கூடாது என்று தடுத்தது. பார்க்கச் சரிபோல இருக்கின்றன, ஆனால் அடிக்கடி தப்பாக இருக்கின்றன என்பதே காரணம். தயங்காமல் பேசுவதும் தெரிந்து பேசுவதும் ஒன்றல்ல.

ஆளை எப்படி அறிவது?

தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் வானிலைத் துறை அதிகாரி இல்லை. ஆனாலும் அவர் சொல்வதைப் பலரும் கவனிக்கிறார்கள். ஏன்? எந்த நாள், எந்தப் பகுதி, எவ்வளவு மழை என்று அவர் சொல்வதை மறுநாள் ஜன்னலைத் திறந்து சரிபார்க்கலாம். கடலுக்குப் போகிறவர் அரசு எச்சரிக்கையை விட்டுவிட்டு யாரையும் கேட்கக் கூடாது. அது வேறு விஷயம். கம்ப்யூட்டர் யோசனையிலும், "இதைச் செய்தால் இந்த இடத்தில் இந்த மாதிரி தெரியும், தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்" என்று எழுதுபவர் தன்னைச் சோதிக்க நமக்கு இடம் கொடுக்கிறார். அவருடைய பழைய பதில்கள் நான்கைந்தைப் படித்துப் பாருங்கள். தப்பு என்று யாராவது சுட்டியபோது திருத்தினாரா, சண்டைக்குப் போனாரா? எனக்கு அது போதும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை நான் எண்ணுவதில்லை.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. "கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று கேட்டால் நல்லவரும் ஊகித்துத்தான் பதில் சொல்வார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்துக்குப் போனால் உங்கள் விண்டோஸ் எது, எந்தப் பதிப்பு, ரேம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அதை எழுதுங்கள். பிழைச் செய்தியை உங்கள் வார்த்தையில் சொல்லாமல் அப்படியே எழுதுங்கள். அல்லது திரையை ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். சரியானால் போய்ச் சொல்லுங்கள், எந்த யோசனையால் சரியாயிற்று என்றும் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். நாளைக்கு இதே செய்தியைத் தேடிக்கொண்டு வரப்போகிறவர் கொல்லங்கோட்டிலோ கோலாலம்பூரிலோ கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு வாரமே ஆனவராக இருக்கலாம்.